கிஷிகாமியின் பழைய சுருள்

வாசற்படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் கிஷிகாமி. போட்டிருந்ததும் வெள்ளைதான், நேற்றுத் துவைத்து மடித்ததுதான். ஆனாலும் அது முந்தைய வீட்டில் போட்ட காலுறை. அதைச் சுருட்டி ஒரு பைக்குள் போடுவார். இன்னொரு பையிலிருந்து வேறு ஜோடியை எடுத்து மாட்டி, குதிகால் தையல் குதிகாலில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் வீட்டுக்குள் அடி வைப்பார். ஒரு நாளைக்கு ஆறு வீடு என்றால் ஆறு ஜோடி. அத்தனையையும் துவைத்துக் காயப்போடுகிற மனைவி மிட்ஸுயே, "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஒரு மனுஷனை, துவைச்சுப் போடறது ஒரு மரவட்டைக்கு" என்று கொடியடியில் நின்று புலம்புவாள்.

கிஷிகாமிக்கு ஐம்பத்தாறு வயது. ஒசாகாவுக்குத் தெற்கே, குன்றுச் சரிவில் படிப்படியாக ஏறிப்போகும் பழைய காலனிகளில் வீட்டுக்கு வீடு இணைய லைன் இழுத்துக் கொடுப்பது வேலை. கம்பத்திலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் தெருவைத் தாண்டி வந்து, ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டை வழியாக அறைக்குள் நுழையும். அந்தக் கேபிளுக்குள் தலைமயிர் கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் ஓடினால் லைன் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் இந்தத் தொழிலின் சாத்திரம். முதலில் டெலிபோன், பிறகு இது என்று முப்பது வருடமாக ஏணி சுமந்ததில் வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. கடைச் சட்டை எதைப் போட்டாலும் யாரோ ஒரு பக்கம் பிடித்து இழுத்த மாதிரிதான் இருப்பார்.

பேச்சு குறைவு. மோடத்தைச் செருகிவிட்டு விளக்குக்காகக் காத்திருக்கும் அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பச்சை விளக்கு நிலைத்ததும், "வந்துட்டியா" என்று அதனிடம் மட்டும் மெதுவாகக் கேட்பார். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டால் காது சிவந்துபோகும். டீ கொடுத்தால் வேண்டாம் என்பார். வாசலில் கேன் காபி நீட்டினால் மறுப்பது மரியாதையில்லை என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். ஆனால் குடிக்க மாட்டார், காபி அவர் வயிற்றுக்கு ஆகாது. வண்டி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் இருக்கைக்கடியில் ஏழெட்டு கேன்கள் உருள்கிற சத்தம் கேட்கும்.

அவருக்கு இரண்டு விரதம் உண்டு. முதலாவது, போகிற வீட்டில் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. கூரை வரைக்கும் பழைய பேப்பர் அடுக்கிய வீடு, ஒரே தட்டும் ஒரே கிண்ணமும் கவிழ்த்துவைத்த வீடு, நேற்றுத்தான் சட்டம் போட்ட மாதிரி ஒரு புகைப்படத்தின் முன்னால் ஊதுபத்தி புகைகிற வீடு, எல்லாவற்றிலும் அவர் கண் கேபிள் போகிற பாதையைவிட்டு ஒரு சாண்கூட நகராது. கண்ணில் பட்டாலும் காணாததுதான். ராத்திரிச் சாப்பாட்டில் மிட்ஸுயே கதை கேட்பாள்.

"இன்னைக்கு எப்படிப்பட்ட வீடு?"

"சிமெண்டுச் சுவர்."

"நேத்து?"

"மரப்பலகை. துளை போடச் சுலபம்."

"எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் சுவத்ததான் பாத்தீங்க. அது தெரியாம நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இரண்டாவது விரதம், எதையும் வீணாக்கக் கூடாது. வண்டியின் பின்பக்கத்தில் முழ நீளத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் வரைக்கும் மிச்சக் கேபிள்கள் சுருள் சுருளாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் நீளமும் வருடமும் எழுதின சீட்டு. ஒரு லைனைக் கழற்றினால் அந்தக் கேபிளை ஈரத்துணியால் நுனி முதல் அடி வரை துடைத்துக்கொண்டேதான் சுருட்டுவார், குழந்தையின் தலையைத் துவட்டுகிற பதத்தில். "கெட்டுப் போகாததைத் தூக்கிப் போட்டா கை விளங்காது" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற சொல்.

இந்த இரண்டும் நல்ல குணங்கள்தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த வருடக் கோடையில் இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டை என்ன பாடுபடுத்தின என்பதைத்தான் அவரால் அந்த வீட்டுக்கு வெளியே இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கத்துக் கோடை, சில்வண்டுகளின் ராஜ்ஜியம். விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரைக்கும் மரத்துக்கு மரம் உட்கார்ந்து கத்தும். பேசுகிறவர்கள் வாயசைப்பைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். பெண் வண்டு காய்ந்த குச்சியாகப் பார்த்துத் துளைத்து முட்டையிடும். தெருவில் தொங்குகிற கறுப்புக் கேபிள் அதன் கண்ணுக்குக் காய்ந்த குச்சிதான். ஊசியை இறக்கிவிடும். உள்ளே தலைமயிர் கனத்துக் கண்ணாடிக்கு அந்த ஒரு குத்தே போதும். அதனால்தான் இப்போது வருகிற கேபிளில் இழைக்கு இரு பக்கமும் கெட்டியாக ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள். ஏணி ஏறுகிற எல்லோருக்கும் இது அரிச்சுவடி. காப்பில்லாத பழைய சுருள் எதையும் வண்டியில் வைத்திருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் எப்போதோ சொல்லியாயிற்று. கிஷிகாமியும் தலையாட்டினார். ஒரே ஒரு சுருளை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. பதினொரு வருடத்துச் சரக்கு, இருபத்தாறு மீட்டர், ஒரு கீறல் கிடையாது.

ஜூலையில் இனுபுஷி அம்மா வீட்டுக்குப் புது லைன் கேட்டு வேலை வந்தது. கம்பத்திலிருந்து மாடி அறைக்கு அளந்து பார்த்தார். இருபத்திமூன்று மீட்டர். அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்தச் சுருள் பொருந்தியது. வழியில் ஒரு செர்ரி மரம் இருந்ததும் அவர் கண்ணில் பட்டதுதான்.

வாசலில் வரவேற்ற இனுபுஷி அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கேள்விக்குறி போல முதுகு வளைந்த மனுஷி. கணவர் இல்லை. அவர் கிஷிகாமியின் சட்டைக் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மாடி ரூம்ல எம்புள்ள இருக்கான். நொரிஹிசா. நாப்பத்தேழு வயசு. இருவத்தியோரு வருஷமா வெளிய வரல. யார் மூஞ்சியும் பாக்க மாட்டான். நீங்க வேலை செய்யற வரைக்கும் அலமாரிக்குள்ள போயி உக்காந்துக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கான். தப்பா நெனச்சுக்காதீங்க."

"நான் சுவத்தை மட்டும்தான் பாப்பேம்மா" என்றார் கிஷிகாமி. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிஷிகாமி அதையும் பார்க்கவில்லை.

மாடிக்குப் போய் அம்மா கதவருகே நின்று, "வந்திருக்காருப்பா, வரலாமா?" என்று கேட்டார். உள்ளிருந்து ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம். பத்து வருடமாகத் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு அவ்வளவுதான். கிஷிகாமி நாற்பது நிமிடம் அந்த அறையில் வேலை செய்தார். படுக்கையை மடித்து வைக்கிற சுவர் அலமாரியின் காகிதக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பச்சை விளக்கு நிலைத்தது. "வந்துட்டியா" என்றார் வழக்கம்போல. அலமாரிக்குள் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

லைன் எதற்கு என்பதை ஒரு வாரம் கழித்து, லைன் நின்றதாக முதல் புகார் வந்து அங்கே போனபோது தெரிந்துகொண்டார். நொரிஹிசாவுக்கு வேலை கிடைத்திருந்தது. ஏதோ ஒரு கம்பெனிக்கு முகவரிகளைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், அறையைவிட்டு வரவே வேண்டாம். ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கணினியில் 'வந்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். பதினைந்து நாள் வெள்ளோட்டம். மூன்று நாள் வரி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"மொத நாள் ஒம்போது மணிக்கு உள்ள தட்டற சத்தம் கேட்டுதுங்க. கதவு இல்ல, கீபோர்டு" என்றார் இனுபுஷி அம்மா. அன்றைக்கு அவர் சிவப்புப் பயறு போட்டுச் சோறு வடித்தாராம், பிள்ளை பிறந்தாலும் பரீட்சையில் தேறினாலும் செய்கிற சோறு. கிஷிகாமிக்கும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துவைத்திருந்தார். "எனக்கு எழுவத்தெட்டு. நான் போனப்பறம் இவன் கதவுக்கு வெளிய யாரு சோத்துத் தட்டு வைப்பாங்கன்னு நெனச்சு நெனச்சே தூக்கம் கெட்டுப்போச்சு. ஒரு வாரமாத்தான் தூங்கறேன். லைன் மட்டும் போகாம பாத்துக்கங்க, கிஷிகாமி சான்."

அன்று அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் லைன் தானாகவே வந்திருந்தது. இணைப்புகளைக் கழற்றி மாட்டினார். வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஓடியது.

நான்கு நாள் கழித்து மறுபடியும் புகார். இந்த முறை லைன் செத்துக் கிடந்தது. அறைக்குள் போனார். அலமாரிக்குள் மூச்சு. மேஜைமேல் மோடத்துக்குப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு காகிதம், அதன்மேல் 'பழுது பார்க்க வருபவருக்கு' என்று பொடி எழுத்து. வீட்டு விஷயமாக இருக்கும் என்று படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பார்க்கக் கூடாது என்பதுதானே விரதம். மேஜைக்குப் பின்னால் கேபிள் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தி, நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டு, வெளியே தொங்குவதைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்ததும் வெளிச்சம் திரும்பிவிட்டது.

சில்வண்டு நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. வந்ததும் அதை மூடிவைத்தார். வண்டைச் சந்தேகப்பட்டால் தன் சுருளைச் சந்தேகப்பட வேண்டும். அதைவிட அடுத்தவன் கையைச் சந்தேகப்படுவது சுலபம்.

கீழே வந்து காலணி மாட்டும்போது இனுபுஷி அம்மா கேட்டார்: "எதனால போகுதுங்க?"

முப்பது வருடத்தில் ஒரு வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அன்றைக்குச் சொன்னார்: "உள்ள யாரோ கேபிளை இழுத்திருக்காங்க போலம்மா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவருடையது, கெட்டது வேறொருவர். உள்ளே இருப்பது ஒரே ஆள். அந்த அம்மாவின் முகத்தில் ஏதோ அணைந்ததை அவர் கவனிக்கவில்லை. கேன் காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

துவைக்கப்போன சட்டையில் மிட்ஸுயே அந்தக் காகிதத்தைக் கண்டெடுத்தாள்.

"யாரோ உங்களுக்கு எழுதியிருக்காங்களே."

"யாரோ வீட்டு விஷயம். வீட்டுக் கதையெல்லாம் பேசாதே."

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் சொருகிவைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் அவர் பார்லி டீ எடுத்துக் குடித்தார்.

மூன்றாவது முறை வந்தது புகார் அல்ல, கழற்றச் சொல்லி வேலைச்சீட்டு. லைன் வேண்டாமாம். போனபோது மோடம் வாசலுக்கே வந்திருந்தது. அதன் வயர்களை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மேலே போக வேண்டியதில்லை, கேபிளை உள்ளேயிருந்து அவனே கழற்றிவிட்டான் என்றார் இனுபுஷி அம்மா. சீட்டில் அவர் தன் பெயர் முத்திரையை ஒற்றினார். முத்திரை சாய்ந்து விழுந்தது. "மன்னிச்சுக்கங்க, கோணலாப் போச்சு" என்றார்.

"பரவால்லம்மா."

"வேலை போயிடுச்சு. நீங்க போனப்பறம் லைன் மறுபடி நின்னுச்சு, ஒம்போது மணி வரி மூணு நாள் போகலல்ல." அதைச் சொன்னபோது அவர் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிஷிகாமி ஏணி போட்டுக் கேபிளை இறக்கினார். செர்ரி மரத்தில் வண்டுகள் காதைப் பிளந்தன. கீழே தெருவோரம் குந்தி, ஈரத்துணியை மடித்துப் பிடித்து, துடைத்துக்கொண்டே சுருட்ட ஆரம்பித்தார். பதினான்காவது மீட்டரிலோ பதினைந்திலோ துணி எதிலோ தட்டியது. மறுபடி தடவினார். விரல் நுனியில் சொரசொரவென்று ஒரு வரிசை. தையல் ஊசி போட்ட மாதிரி துளைகள், ஒன்பது இடத்தில். கத்தியால் ஒரு இடத்தைக் கீறினார். உள்ளே வெள்ளையாக, நொய்யரிசி மாதிரி முட்டைகள் சாய்ந்து படுத்திருந்தன. பக்கத்தில் கண்ணாடி இழை இரண்டாக முறிந்திருந்தது.

அந்த இடத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்தார். பிறகு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கே ஒரு பேப்பர். அதை எடுத்துப் படி."

"அதை நான் அன்னைக்கே படிச்சுட்டேன்" என்றாள் மிட்ஸுயே. "சொல்ல வந்தேன். நீங்கதான் வீட்டுக் கதை பேசாதேன்னீங்க."

"இப்பப் படி."

காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "தேதி போட்டிருக்கு. 'இருபத்தைந்து. காலை எட்டு ஐம்பதுக்கு லைன் போனது. வெப்பம் முப்பத்திரண்டு. சில்வண்டு கத்த ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிறது. பதினொன்றரைக்கு வந்தது. இருபத்தாறு. எட்டு நாற்பதுக்குப் போய் இரண்டு நிமிடத்தில் வந்தது. மரத்துப் பக்கம் காற்று.' இப்படியே வரிசையா கட்டம் போட்டு எழுதியிருக்கு. என்ன அழகான எழுத்து! அப்பறம் கடைசியில..." அவள் குரல் இறங்கியது. "கடைசியில, 'நான் எதையும் தொடவில்லை. தயவுசெய்து வெளியே பார்க்கவும்'னு இருக்கு."

கிஷிகாமி வண்டிச் சன்னல் வழியாகச் செர்ரி மரத்தைப் பார்த்தார்.

"என்னங்க? யாருங்க இது?"

"நான் அப்பறம் பேசறேன்."

வாசற்படியில் ஏறினார். அன்றைக்கு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, காலுறை மாற்ற மறந்துபோனார். இனுபுஷி அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, கீறின கேபிள் துண்டை இரண்டு கையிலும் நீட்டினார். வண்டு குத்தினதையும், காப்பில்லாத பழைய சுருளைப் போட்டதையும், பார்க்காமலே வாய்விட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லி நெற்றியைத் தரையில் வைத்தார்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேபிளைக் கையில் வாங்கித் துளைகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"சின்னதுல எதை ஒடைச்சாலும் 'நான்தாம்மா'ன்னு எதுர்ல வந்து நிப்பான். அந்த மாதிரிப் புள்ள." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு நீங்க போனதும் நேரா மேல போனேன். வேலைக்குப் போகப் பயந்துக்கிட்டு நீதான இழுத்தேன்னு கேட்டேன். ரெண்டு தட்டு தட்டினான். பொய் சொல்லாதன்னேன். மறுபடி ரெண்டு தட்டு, பலமா. என்னைச் சாகவும் விட மாட்டியாடான்னு கத்திட்டேன்." கேபிளை மடியில் வைத்துக்கொண்டார். "அதுலேர்ந்து தட்டறதே இல்ல. தட்டுல பாதி சோறு அப்படியே வருது. ஒரு தட்டும் இல்ல, ரெண்டு தட்டும் இல்ல."

"நான் அவர்கிட்டச் சொல்லலாமாம்மா?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். நான் நம்பலையே."

மாடிக் கூடத்தில், மூடின கதவுக்கு எதிரே கிஷிகாமி உட்கார்ந்தார். வெளியே வண்டுகளின் கத்தல் அடங்கும் நேரம். ஆள் முகம் பார்த்துப் பேசியே பழக்கமில்லாதவருக்குக் கதவைப் பார்த்துப் பேசுவது அன்றைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நொரிஹிசா சான். லைன் இழுத்த கிஷிகாமி. நீங்க தொடல. நீங்க எழுதினது அத்தனையும் சரி. வெளிய பாருங்கன்னு எழுதியிருந்தீங்க, நான் படிக்கவே இல்ல. சில்வண்டுதான். அது குத்தற மாதிரி கேபிளைப் போட்டது நான். உங்க மேல பழியைப் போட்டதும் நான். உங்க அம்மா இல்ல, நான்."

கதவுக்கு அடியில் விரல் நுழையாத இடைவெளி. தட்டையான அந்தக் கேபிள் துண்டு நுழைந்தது. பாதி போய் நின்றது. கொஞ்ச நேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு உள்ளேயிருந்து யாரோ மெல்ல இழுக்க, மீதியும் போய்விட்டது. அவ்வளவுதான். தட்டு கேட்கவில்லை. இனுபுஷி அம்மா படிக்கட்டில் நின்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்குப் போய் அலுவலகத்துக்குப் பேசினார். வேலைச்சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் ஓகுரா என்ற பெண், "கழட்டியாச்சா அண்ணே? முத்திரை வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. கழட்டல. என் கேபிள்தான் தப்பு, பழைய சுருள். மாத்திப் போடறேன்னு எழுதிக்க."

"பழைய சுருளா! அண்ணே, மேல தெரிஞ்சா..."

"தெரியட்டும்."

கோணல் முத்திரை விழுந்த சீட்டு அவர் அட்டைக்குள் இருந்தது. அதை மட்டும் அவர் கொடுக்கவில்லை. புதுக் கேபிளை எடுத்துக் கம்பத்திலிருந்து இழுத்து வந்தார். கேட்காமலே செய்த வேலை. கூரை விளிம்புக்குக் கீழே இருந்த கொக்கியில் ஐந்து சுற்று மிச்சம் விட்டு மாட்டினார். பிறகு ஏணிமேல் நின்றபடியே, ஏ.சி. ஓட்டையை அடைத்திருந்த களிமண் போன்ற பூச்சு மாவில் நுனியை அழுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம் போக விட்டார். ஓட்டையருகே வாயை வைத்துச் சொன்னார்:

"நுனியை மட்டும் உள்ள விட்டிருக்கேன். வேணாம்னா வெளிய தள்ளிவிட்டுடுங்க. வேணும்னா கொஞ்சம் இழுத்துக்கங்க. நான் வந்து மாட்டறேன். அவசரமில்ல."

அலுவலகத்தில் மேலிடத்துக்குத் தெரிந்தது. ஒரு மாதம், தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், புதிதாகச் சேர்ந்த இருபது வயதுக்காரர்களோடு வகுப்பில் உட்காரவைத்தார்கள். 'கேபிள் வகைகள்' என்ற முதல் பாடத்தில் சில்வண்டின் படம் இருந்தது. கிஷிகாமி பேனாவை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வண்டியின் பின்னால் தொங்கின சுருள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, சீட்டுகளைக் கிழித்து, குப்பைக்கு மூட்டை கட்டினார். மிட்ஸுயே மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் இன்னும் முழுக்கதை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் காகிதம் மட்டும் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் இருபது நிமிடம் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். ஒன்பதுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமல், கழுத்தை நீட்டி மேலே பார்ப்பார். ஐந்து சுற்று. நுனி வெளியே தொங்கவில்லை, உள்ளே இழுபடவும் இல்லை. ஒரு நாள் இனுபுஷி அம்மா குப்பைப் பையோடு எதிரே வந்தார். முதுகு இன்னும் வளைந்துவிட்டிருந்தது.

"தட்டினாரா?" என்று கேட்டார் கிஷிகாமி. ஒரு வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த அம்மா தலையை இல்லையென்று அசைத்தார். "தெனம் இங்க நிக்காதீங்க, கிஷிகாமி சான். பக்கத்து வீட்ல என்ன விசேஷம்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?" குப்பைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த வண்டுக் கேபிளைத் திருப்பிக் குடுக்கல. அது உள்ளயேதான் இருக்கு."

அதற்குப் பிறகு வண்டியைத் தெருமுனை வளைவில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த ஆரம்பித்தார். அங்கிருந்தும் கொக்கி தெரியும். எண்ணுவதற்குக் கண்ணைச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து. மழையன்றும் ஐந்து. புயலடித்த மறுநாள் ஓடி வந்தார். அன்றும் ஐந்து. ஆகஸ்ட் போயிற்று. செத்த வண்டுகளைக் காலனிக்காரர்கள் பெருக்கித் தள்ளினார்கள். செர்ரி மரம் வாய் மூடிக்கொண்டது. அந்தத் தெரு அவ்வளவு அமைதியான தெரு என்பதே அப்போதுதான் தெரிந்தது. இனி இது இப்படியே தொங்கும், தான் ஓய்வு பெற்ற பிறகும் தொங்கும் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை, எட்டு ஐம்பதுக்கு வளைவில் வண்டியை நிறுத்திக் கண்ணைச் சுருக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சன்னல் கண்ணாடியைக் கைத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். வண்டியை மெதுவாக வீட்டருகே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, நேரே கீழே நின்று விரல் நீட்டி எண்ணினார். நான்கு. கொக்கிக்கும் ஓட்டைக்கும் நடுவில் தொய்ந்து கிடந்த கேபிள் இப்போது விறைப்பாக இருந்தது. ஓட்டையைச் சுற்றி அடைத்திருந்த மாவு உள்பக்கமாக நெளிந்திருந்தது. அந்த அறைக்குள் இருப்பது ஒரே ஆள்.

அவர் மணியை அடிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். காலையில் வீட்டில் போட்டுக்கொண்டு வந்த, இன்னும் எந்த வீட்டுக்குள்ளும் போகாத காலுறையைக் கழற்றிச் சுருட்டினார். இன்னொரு பையிலிருந்து வேறு ஜோடியை எடுத்து மாட்டி, குதிகால் தையல் குதிகாலில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.